முன்பாரம்

அச்சன்புதூர்
ஜூன் 4

அத்தானுக்கு,

போன ஞாயித்துக்கிழமை உங்க கூடப் பேசி முடிச்சதும் ஒரு முடிவுக்கு வந்தேன். இனிமே நான் போன் எடுக்கப் போறதில்ல. அந்த சாட்டிலைட் போன்ல உங்களுக்குக் கிடைக்கதே அஞ்சு நிமிஷம். பின்னால ஆளுங்க வரிசையில நிக்காங்க. அந்த அஞ்சு நிமிஷத்தையும் நாம கத்தியே தீத்துருதோம். எனக்கு இனிமே கத்தத் தெம்பு இல்ல. அதனால எழுதுதேன். நீங்களும் எழுதுங்க.

நீங்க இன்னும் ரெண்டு வருஷம் பட்டாளத்துலயே இருக்கேன்னு எக்ஸ்டென்ஷனுக்குக் கையெழுத்து போட்டதைப் பத்தி இதுல எழுதப் போறதில்ல. ஜனவரியில வீட்டோட வந்துருவீங்கன்னு நான் ஊரெல்லாம் சொல்லி வச்சிருந்ததையும் எழுதல. அந்த விஷயத்தை நீங்க சொல்லாம, உங்க கூட வேலை பாக்கவரோட சம்சாரம் செங்கோட்டை பஸ் ஸ்டாண்டுல வச்சுச் சொல்லி எனக்குத் தெரிஞ்சதையும் எழுதல.

இது வண்டி விஷயம்.

மாமாவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கிட்ட பிறகு, அவங்க பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய் ஏத்திக்கிட்டுப் போன பிக்கப் சும்மா நின்னுச்சு. நான் ஓட்டப் படிச்சு, போன சீசன்ல ஒரு அடுப்பையும் நாலு குடம் தண்ணியையும் அதுல ஏத்திக்கிட்டுக் குற்றாலம் போனேன். அருவியில குளிச்சுட்டு நடுங்கிக்கிட்டு வாரவங்களுக்கு உளுந்தங்கஞ்சியும் சுக்குக் காப்பியும். நல்லாத்தான் போச்சு. இந்த வருஷம் ரெண்டு சக்கரம் வச்ச கடை வண்டி ஒண்ணு செய்யச் சொல்லி வாங்கிட்டேன். பிக்கப் பின்னால கொக்கியில மாட்டி இழுத்துக்கிட்டுப் போறது. உங்களுக்குப் பிடிக்கலன்னு தெரியும்.

பிரச்சினை என்னன்னா, கடை வண்டியை மாட்டின உடனே பிக்கப்போட பின்பக்கம் அப்படியே உக்காந்துருது. முன்பக்கம் மூஞ்சியைத் தூக்கிக்கிட்டு நிக்குது. ஓட்டும்போது ஸ்டியரிங் கையில கனக்கவே இல்ல. பிரேக் போட்டா முன் சக்கரம் வழுக்குமோன்னு பயமா இருக்கு. விடியுமுன்ன கிளம்புதேன்லா, லைட்டு ரோட்டுல விழாம மரத்து உச்சியில விழுது. எதுக்க வாரவனுக்குக் கண்ணு கூசுது, திட்டுதான். ஓட்டுதது பொம்பளைன்னு பாத்தா இன்னும் ரெண்டு வார்த்தை கூடத் திட்டுதான்.

இங்கன கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்லுதாங்க. நீங்க பட்டாளத்து வண்டியெல்லாம் ரிப்பேர் பாக்கீங்க. எனக்கும் ஒரு வழி சொல்லுங்க.

மாமா சாப்பிடுதாங்க. பிள்ளை உலகு பள்ளிக்கூடம் போறா. நான் கடைக்குப் போற அன்னைக்கு மதியம் பக்கத்து வீட்டுல வந்து மாமாவுக்குக் கஞ்சி ஊட்டிட்டுப் போறாங்க. துணி மாத்த நான்தான் வரணும்.

சங்கரேஸ்வரி


ஜூன் 15

சங்கரி,

உன் கடிதம் உருளைக்கிழங்கு மூட்டையோட சேந்து நேத்து லாரியில வந்துச்சு. எக்ஸ்டென்ஷனைப் பத்தி எழுதலன்னு மூணு தடவை எழுதியிருக்க. புரிஞ்சுது.

வண்டி விஷயம் முதல்ல. பின் டயர்ல காத்து சரியா இருக்கான்னு பாரு. பாரம் இழுக்கும்போது கொஞ்சம் கூடவே வேணும். அடுத்து பின்னால இருக்க ஸ்பிரிங் பட்டை. வில்லு மாதிரி வளைஞ்சு இருக்கணும். நேரா நிமிந்து போயிருந்தா அது களைச்சுப் போச்சுன்னு அர்த்தம். உனக்குப் பாக்கத் தெரியலைன்னா பாவூர்சத்திரத்துல ஏசுதாசன் அண்ணாச்சி பட்டறைக்குக் கொண்டு போ. அப்பாவோட வண்டியை அவர்தான் எப்பவும் பாப்பாரு.

பட்டை நல்லா இருந்தும் உக்காருதுன்னா, உன் கடை வண்டியில முன்பாரம் கூட. மாட்டு வண்டியில முன்பாரம், பின்பாரம்னு சொல்லுவாங்கல்லா, அதே கதைதான். முன்பாரம் கூடுனா மாட்டுக் கழுத்துல அமுக்கும். இங்கன மாட்டுக்குப் பதிலாக் கொக்கி. கொக்கி பிக்கப்போட பின் சக்கரத்தைத் தாண்டி வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு. அதுல விழுத பாரம் பின்பக்கத்தை அமுக்கி முன்பக்கத்தைத் தூக்கிரும். அதனால கடை வண்டிக்குள்ள இருக்க சாமானை எல்லாம் பின்னால தள்ளி வை. பிக்கப் தொட்டியில ஏத்துததைக் கேபினை ஒட்டி வை. சரியாயிரும்.

ஒரு டிரைவரைப் போட்டுக்கோ. நீ ஓட்டுதது எனக்குச் சரியாப் படல.

உலகு மேல படிக்கணும். அதுக்குத்தான் கையெழுத்து போட்டேன். ஜனவரியில வந்து நான் அங்கன என்ன செய்ய?

அப்பாவைப் பாத்துக்கிட முடியலன்னு வாசுதேவநல்லூர்ல அக்காவுக்குச் சொல்லி விட்டுராத. அம்மா கருமாதியில அக்கா மாப்பிள்ளை என் சட்டையைப் பிடிச்சதை நான் மறக்கல. அக்கா பாத்துக்கிட்டுத்தான் நின்னா. அவ வாசலை நாமளும் மிதிக்க வேண்டாம், நம்ம வாசலை அவளும் மிதிக்க வேண்டாம்.

மணிமுத்து


அச்சன்புதூர்
ஜூன் 27

அத்தானுக்கு,

நீங்க எழுதின மாதிரியே செஞ்சேன். டயர்ல காத்து குறைவாத்தான் இருந்துச்சு, பிடிச்சேன். பட்டை நல்லா இருக்குன்னு ஏசுதாசன் அண்ணாச்சி குனிஞ்சு பாத்துச் சொன்னாங்க. பிறகு நானும் உலகுமா சிலிண்டர், அடுப்பு, கிரைண்டர், உளுந்து மூட்டை எல்லாத்தையும் இழுத்து இழுத்துக் கடை வண்டியோட பின்கோடியில வச்சோம். தண்ணித் தொட்டியை மட்டும் அசைக்க முடியல. அது முன்னால வெல்டு வச்சு நிக்குது. மாட்டிப் பாத்தா பிக்கப் சமமா நிக்குது. உலகு கை தட்டினா.

சனிக்கிழமை சாரல் நல்லா விழுந்துச்சு. கூட்டம் இருக்கும், கை உதவிக்கு ஆவும்னு உலகும் கூட வந்தா. இலஞ்சிக்கு முன்னால வாய்க்கால் பாலத்துல ஏறி இறங்கும்போது கொஞ்சம் வேகம் கூடிருச்சு. பின்னால கடை வண்டி ஆட ஆரம்பிச்சுது. முதல்ல லேசா, நாய் வாலை ஆட்டுத மாதிரி. நான் ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் திருப்புனா அது அந்தப் பக்கம் இழுக்குது. கண்ணாடியில பாத்தா கடை வண்டி ஒருக்கா வலது பக்கம் தெரியுது, ஒருக்கா இடது பக்கம் தெரியுது. “அம்மா, அம்மா”ன்னு உலகு சத்தம் போடுதா. பிரேக்கை மிதிச்சேன். பிக்கப்பையும் சேத்து ரோட்டுக்குக் குறுக்க இழுத்துக்கிட்டுப் போயி, வாய்க்கால் கரைக் கல்லுல முட்டி நின்னுச்சு.

எதுக்க ஒரு பைக் வந்துச்சு. புருஷன் பொண்டாட்டி, மடியில பிள்ளை. அந்த ஆளு மண்ணுல இறக்கி ஒதுங்கிட்டான். அவன் ஒதுங்கலைன்னா நான் என்ன எழுதிக்கிட்டு இருப்பேன்னு தெரியல. அவன் திட்டக்கூட இல்ல. இறங்கி வந்து உலகைத் தூக்கினான்.

உலகுக்கு நெத்தி டேஷ்போர்டுல அடிச்சுப் பொளந்துட்டு. தென்காசி ஆஸ்பத்திரியில தையல் போட்டுருக்கு. இடது புருவத்துக்கு மேல. கண்ணு தப்பிச்சுட்டு. பிள்ளை அழல. டாக்டரம்மா எப்படியாச்சுன்னு கேட்டதுக்கு, “எங்க அப்பா எழுதின மாதிரித்தான் வச்சோம்”னு சொன்னா. எனக்கு அதைத்தான் தாங்க முடியல.

வீட்டுக்கு வரும்போது சாயங்காலம் ஆயிட்டு. மாமா காலையில இருந்து ஈரத்துலயே கிடந்திருக்காங்க. என்னைப் பாத்ததும் வாயைக் கோணிக்கிட்டு ஏதோ திட்டினாங்க. என்னன்னு புரியல. புரியாததும் நல்லதுக்குத்தான். துடைச்சு, துணி மாத்தி விட்டேன். என் சேலையில உலகு ரத்தம் காஞ்சு போயிருந்துச்சு. அடுப்படியில போயி தரையில உக்காந்தேன். எந்திரிக்கத் தோணல.

சங்கரேஸ்வரி


ஜூலை 2

சங்கரி,

உன்கிட்ட இருந்து இன்னும் பதில் வரல. ஆனாலும் ஒரு விஷயம் மனசுல பட்டுச்சு, உடனே எழுதுதேன்.

நேத்து ஒரு டிரைவர் டீசல் ட்ரெய்லரை இழுத்துக்கிட்டு வந்தான். பின்கோடியில பாரத்தை ஏத்தி வச்சிருக்கான். வளைவுல அது வாலாட்டுன ஆட்டத்தை நான் மேல நின்னு பாத்தேன். பிடிச்சு நல்லா ஏசினேன். ஏசிக்கிட்டு இருக்கும்போதுதான் உனக்குப் பாதிதான் எழுதியிருக்கேன்னு ஞாபகம் வந்துச்சு.

எல்லாத்தையும் பின்னால கொண்டு போயிராத. பின்பாரம் முன்பாரத்தை விட மோசம். கனமான சாமான் கடை வண்டியோட சக்கரத்துக்கு நேர் மேல இருக்கணும். மொத்தத்துல முன்னால கொஞ்சம் கனம் இருந்துதான் ஆகணும். கொக்கியில மாட்டுததுக்கு முன்ன அந்த இழுவைக் கம்பியைக் கையால தூக்கிப் பாரு. மூச்சைப் பிடிச்சுத் தூக்கணும். லேசா வந்துச்சுன்னா பின்பாரம், எடுக்காத. ஓட்டும்போது ஆட ஆரம்பிச்சா பிரேக் போடாத. ஸ்டியரிங்கை நேராப் பிடிச்சுக்கிட்டு ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடு. தானா அடங்கும்.

இந்தக் கடிதம் கிடைக்க வரைக்கும் மெதுவாப் போன்னு எழுத வந்தேன். கிடைச்ச பிறகுதானே வாசிப்ப, அதுக்கு முன்னால எப்படி மெதுவாப் போவ. சிரிச்சுக்கிட்டேன்.

இங்கன பனி இப்பத்தான் உருகுது. சாயங்காலம் வேலை இருக்காது. நான் ஏன் கையெழுத்து போட்டேன்னு யோசிச்சுப் பாத்தேன். உலகு படிப்புன்னு எழுதினது பொய் இல்ல. இன்னொண்ணும் இருக்கு. இங்கன ஒரு வண்டி நின்னு போச்சுன்னா எனக்கு என்ன செய்யணும்னு தெரியும். லீவுல வீட்டுக்கு வந்தா ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது. அப்பாவைத் தூக்கி உக்கார வைக்கப் போவேன். “தள்ளுங்க, நான் பாக்கேன்”னு நீ வந்து தூக்கிருவ. நான் கதவோரமா நிப்பேன். அப்படியே லீவு முடிஞ்சுரும்.

உலகை நல்லாப் படிக்கச் சொல்லு.

மணிமுத்து


ஜூலை 9

சங்கரி,

உன் ஜூன் 27 கடிதம் இன்னைக்கு வந்துச்சு. என் ரெண்டாவது கடிதம் உனக்கு இப்பத்தான் கிடைச்சிருக்கும்.

உலகு நெத்தி எப்படி இருக்கு? தலை சுத்தல், வாந்தி ஏதாவது இருந்துச்சா? எழுது.

வண்டியை நிறுத்து. கடை வண்டியை யாருக்காவது கொடுத்துரு. நான் இங்கன சம்பளம் வாங்குதேன். அது போதும். நீ வீட்டுல இரு.

ஞாயித்துக்கிழமை போன் போட்டேன். நீ எடுக்கல. அஞ்சு நிமிஷமும் மணி அடிக்கதைக் கேட்டுக்கிட்டு நின்னேன்.

மணிமுத்து


அச்சன்புதூர்
ஜூலை 20

அத்தானுக்கு,

உலகுக்குத் தையல் பிரிச்சாச்சு. தழும்பு இருக்கும். தலை சுத்தல் எதுவும் இல்ல. முடியை முன்னால இழுத்து விட்டு மறைச்சுக்கிட்டுப் பள்ளிக்கூடம் போறா.

உங்க கடிதம் ரெண்டும் அடுத்தடுத்து வந்துச்சு. முதல்ல பிரிச்சது ஜூலை ரெண்டாம் தேதி எழுதினது. அதுல “சிரிச்சுக்கிட்டேன்”னு இருந்துச்சு. அதை மடிச்சு வச்சுட்டு மாவு அரைக்கப் போயிட்டேன். நீங்க வேணும்னு பாதி எழுதல. எனக்குத் தெரியும். தெரிஞ்சாலும் மனசு உடனே ஆறிருதா?

கடையை நிறுத்தல. கோவப்படாம முழுசும் வாசிங்க.

முட்டினதுல கடை வண்டிக்குப் பெரிசா ஒண்ணும் ஆகல. ஏசுதாசன் அண்ணாச்சிகிட்ட கொண்டு போயி, சாமானை எல்லாம் பழையபடி முன்னால வச்சுட்டு, பிக்கப்புக்குக் கூட ஒரு பட்டை சேத்துப் போடச் சொன்னேன். போட்டாங்க. பின்பக்கம் உக்காரல. ஆனா ஒவ்வொரு பள்ளத்துலயும் தூக்கித் தூக்கிப் போடுது. கஞ்சி அண்டா கவிழ்ந்து பாதி போச்சு. என் இடுப்பு கழண்டுரும் போல இருந்துச்சு. திரும்பப் போயிக் கேட்டா, “பட்டை தாங்கும் தாயி. பாரம் அப்படியேதானே இருக்கு? டயரும் ஆக்ஸிலும் என்ன பாடுபடும்?”னாங்க. இதை முதல்லயே சொல்லியிருக்கலாமேன்னேன். நீ பட்டை போடச் சொன்ன, போட்டேன்னாங்க.

அதுக்குப் பிறகு ஒரு சாயங்காலம் கடை முடிஞ்சு திரும்புதேன். இலஞ்சி தாண்டும்போது மனசுல பட்டுச்சு. கூடப் பட்டை போடுததுக்கு முன்னாலயும் சரி, போகும்போது உக்காருத வண்டி வரும்போது உக்காந்ததே இல்ல. அதே அடுப்பு, அதே கிரைண்டர், அதே சிலிண்டர்தான் வருது. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? தண்ணி. போகும்போது தொட்டி தளும்பத் தளும்ப நிறைஞ்சு இருக்கும், வரும்போது காலி. அதுவும் தொட்டி கொக்கிக்குப் பக்கத்துலயே நிக்குது.

அத்தான், நான் அருவிக்குத் தண்ணி சுமந்துக்கிட்டுப் போயிருக்கேன். வண்டியை ஓரமா நிப்பாட்டிட்டுச் சிரிச்சேன். சிரிச்சு முடிக்கும்போது அழுகை வந்துட்டு.

கடை போடுத இடத்துக்குப் பின்னால சைதூன் பீவின்னு ஒரு அம்மா சின்ன லாட்ஜ் வச்சு நடத்துதாங்க. போன சீசன்ல இருந்து பாத்தா சிரிப்போம், அவ்வளவுதான். மறுநாள் போயி, “பீவியம்மா, காலையில ஒரு ஹோஸ் போட்டு உங்க கிணத்துத் தண்ணியை என் தொட்டியில விட்டுக்கிடட்டுமா?”ன்னு கேட்டேன்.

“இவ்வளவு நாளும் எங்க இருந்து எடுத்த?”

“அச்சன்புதூர்ல இருந்து கொண்டு வாரேன்.”

“யா அல்லா”ன்னு நெத்தியில அடிச்சுக்கிட்டாங்க. “கிணத்துல கையால மோந்து எடுக்கலாம், அவ்வளவு தண்ணி கிடக்கு. வாயைத் திறந்து கேக்கதுக்கு என்னம்மா? காலையில எனக்கு ஒரு செம்பு கஞ்சி கொடுத்துரு. என் பல்லுக்கு அதுதான் ஆவும்.”

தொட்டியைக் காலியா வச்சு, கனமான சாமானை நீங்க ரெண்டாவது எழுதின மாதிரி சக்கரத்துக்கு மேல அடுக்கி, கம்பியை மூச்சைப் பிடிச்சுத் தூக்கிப் பாத்து மாட்டினேன். கூடப் போட்ட பட்டையைக் கழட்டியாச்சு. வண்டி இப்ப என் கைக்கு அடங்கி வருது. நீங்க எழுதினது எல்லாமே சரிதான். பாரத்தைத் தூக்கவும் தள்ளவும்தான் நாம எல்லாரும் யோசிச்சோம். இதை எதுக்குச் சுமக்கோம்னு யாருமே கேக்கல.

பீவியம்மாகிட்ட கேட்ட அன்னைக்கே இன்னொரு இடத்துலயும் போயிக் கேட்டேன். வாசுதேவநல்லூர்ல.

பஸ்ல போனேன். மதினிதான் கதவைத் திறந்தாங்க. உள்ள போயி தண்ணி கொண்டு வந்து தந்தாங்க. “அப்பா எப்படி இருக்காரு?”ன்னு கேட்டாங்க. நல்லா இருக்காங்கன்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். வரல. ஈரத்துலயே ஒரு நாள் முழுக்கக் கிடந்ததைச் சொல்லிட்டேன்.

“ஏட்டி, எனக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?”

“நீங்க வரக்கூடாதுன்னு உங்க தம்பி சொல்லியிருக்காங்க மதினி.”

“அவன் கிடக்கான். அவனா தூக்குதான்? நீயில்லா தூக்குத.”

மறுநாள் மாமாவைக் கூப்பிட்டுப் போக அண்ணனும் மதினியும் கார் எடுத்துக்கிட்டு வந்தாங்க. உங்க சட்டையைப் பிடிச்ச அதே அண்ணன்தான். மாமாவைக் குழந்தை மாதிரி ரெண்டு கையில ஏந்தினாங்க. மாமா நல்லா இருக்க கையால கதவு நிலையைப் பிடிச்சுக்கிட்டு விடல. என்னையே பாத்தாங்க. “சீசன் முடியட்டும் மாமா, நானே வந்து கூப்பிடுதேன்”னேன். கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் விட்டாங்க. அந்தப் பார்வை என் கூடவே இருக்கு. ஆனாலும் நான் அன்னைக்குப் பகல்லயே படுத்துத் தூங்கினேன். உலகு வந்து எழுப்புத வரைக்கும் தெரியல.

மதினி நம்பரை இந்தத் தாள் ஓரத்துல எழுதியிருக்கேன். ஏசணும்னா அங்கன கூப்பிட்டு ஏசுங்க.

சங்கரேஸ்வரி


ஜூலை 31

சங்கரி,

நீ செஞ்சது சரியில்ல. நான் அவ்வளவு சொல்லியும் என் அப்பாவைக் கொண்டு போயி அந்த வீட்டுல விட்டிருக்க. மகன் இருக்கும்போது மருமகன் தூக்கிக்கிட்டுப் போறதை ஊரே நின்னு பாத்திருக்கும். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? கேட்டா வேண்டாம்னு சொல்லுவேன்னு தெரிஞ்சுதான் கேக்கல. நான் இங்கன உயிரோடதான் இருக்கேன்.

ஆகஸ்ட் 3

மேல எழுதினதைக் கிழிச்சுப் போடலாம்னு பாத்தேன். இருக்கட்டும்.

இன்னைக்கு என் முறை வந்தப்ப அக்கா நம்பரைப் போட்டேன். ஏசத்தான் போட்டேன். “யாரு?”ன்னு கேட்டா. எனக்குப் பேச்சு வரல. “ஏலே மணி”ன்னா. நான் மூச்சு விடுததை வச்சே கண்டுபிடிச்சுட்டா.  பின்னால நிக்கவன் என் தோளைத் தட்டுதான், நேரம் ஆவுதுன்னு.

அக்கா போனை அப்பா காதுல வச்சா. அப்பா சொன்னதுல பாதி புரியல. “மாப்ள குளிப்பாட்டுதாரு”ன்னது புரிஞ்சுது. “அவளை ஏசாதல”ன்னது புரிஞ்சுது. அவ்வளவுதான், லைன் போயிட்டு.

நான் வெளிய வந்து ஒரு ஜீப்புக்கு அடியில படுத்துக்கிட்டேன். வேலை ஒண்ணும் இல்ல. அங்கன படுத்தா யாரும் மூஞ்சியைப் பாக்க மாட்டான்.

இன்னொண்ணு. என் எக்ஸ்டென்ஷன் தாள் இன்னும் இங்கனயேதான் கிடக்காம். இந்த மாசக் கடைசிக்குள்ள வேண்டாம்னு எழுதிக் கொடுத்தா நிறுத்திருவாங்களாம். கிளார்க் சொன்னான். நீ இவ்வளவு எழுதியிருக்க. டயர்ல காத்து, பட்டை, தண்ணித் தொட்டி எல்லாம் எழுதியிருக்க. வாங்கன்னு ஒரு இடத்துலயும் எழுதல. உன் கடிதம் எல்லாத்தையும் திரும்ப எடுத்து வாசிச்சுப் பாத்தேன். இல்ல. உனக்கு இப்ப நான் வேணுமா, இல்ல நான் இல்லாமலே பழகிப் போச்சான்னு எனக்குத் தெரியல. தெரியாம ஒண்ணும் எழுதிக் கொடுக்க மாட்டேன்.

மணிமுத்து


குற்றாலம்
ஆகஸ்ட் 13

அத்தானுக்கு,

கடையில உக்காந்து எழுதுதேன். மழை கூடிட்டு, அருவியில குளிக்க விடல. சங்கிலி போட்டு அடைச்சுட்டாங்க. கூட்டம் எல்லாம் லாட்ஜுல கிடக்கு. கஞ்சி ஆறிக்கிட்டு இருக்கு.

பழகிப் போச்சான்னு கேட்டிருக்கீங்க. பழகிப் போச்சு. அதுதான் எனக்குப் பயமா இருக்கு. உங்க லீவுல நான் “தள்ளுங்க”ன்னு சொன்னது எனக்கு ஞாபகமே இல்ல. யோசிச்சுப் பாத்தா, சொல்லியிருப்பேன். சொல்லிக் கொடுத்துச் செய்ய வைக்கதை விட நானே செஞ்சுட்டா சீக்கிரம் முடியும். எல்லா வேலையும் அப்படித்தான் எங்கிட்ட வந்து சேந்துச்சு.

ஏன் கேக்கலன்னா, பீவியம்மாகிட்ட தண்ணி கேக்கதுக்கே எனக்கு ரெண்டு சீசன் ஆயிருக்கு. அவங்க இல்லைன்னு சொன்னா அடுத்த வீட்டுல போயிக் கேட்டிருப்பேன். நீங்க வர மாட்டேன்னு சொன்னா நான் எங்க போயிக் கேக்க? கேக்காம இருந்தா, கேட்டா வந்திருப்பாங்கன்னு நினைச்சுக்கிட்டாவது நாளை ஓட்டலாம்.

சரி. கேக்கேன். வாங்க. ஜனவரியில வந்துருங்க. லீவுக்கு இல்ல, வீட்டுக்கு.

ஆனா இதையும் வாசிச்சுட்டு முடிவு பண்ணுங்க. பிக்கப்பை நான்தான் ஓட்டுவேன். கடை என் கடை. மாமாவை அக்டோபர்ல கூப்பிட்டு வந்துருவேன், சொல்லிட்டேன்லா. அவங்களை நீங்கதான் குளிப்பாட்டணும். முதல் ஒரு வாரம் தப்புத் தப்பாச் செய்வீங்க. நான் பாத்துக்கிட்டு நிப்பேன். கையைப் பிடுங்க மாட்டேன். எனக்கு அது கஷ்டம்தான். பழகிக்கிடுதேன். ஒரு நாளு மதினி வீட்டுக்கும் போகணும். அண்ணன் பேசலைன்னாலும் நீங்க பேசணும்.

சம்பளம் வந்தா நல்லதுதான். வரலைன்னா உலகு படிக்க மாட்டாளா? அவ என்னை விட கெட்டிக்காரி.

தேதி தள்ளிப் போயி, இந்தக் கடிதம் வரதுக்குள்ள கதவை அடைச்சுட்டாங்கன்னா நான் ஏச மாட்டேன். உங்க மேல கோவம் எல்லாம் வடிஞ்சு போச்சு. மிச்சம் இருக்கது அலுப்புதான்.

சங்கரேஸ்வரி


ஆகஸ்ட் 25

சங்கரி,

உன் கடிதம் நேத்து மத்தியானம் வந்துச்சு. ரெண்டு தடவை வாசிச்சேன். கை கழுவிட்டு ஆபீசுக்குப் போயி வேண்டாம்னு எழுதிக் கொடுத்தேன்.

எங்க ஆபீசர் சாப் நல்ல மனுஷன். இன்னும் ரெண்டு வருஷம் இருந்தா அடுத்த ரேங்க் கிடைக்குமே, ஏன்னு கேட்டாரு.

“வீட்டுல வரச் சொல்லுதாங்க சாப்.”

“ஏதாவது கஷ்டமா? யாருக்காவது உடம்பு சரியில்லையா?”

“அதெல்லாம் இல்ல சாப்.”

“பிறகு என்ன காரணம்?”

“அதுதான் சாப் காரணம். வரச் சொல்லுதாங்க.”

பேனாவை எடுத்துக் கையெழுத்து போட்டாரு. ஜனவரி முப்பத்தொண்ணோட முடியுது.

நீ எழுதின எல்லாத்துக்கும் சரி. குளிப்பாட்டுதேன். அண்ணன்கிட்டயும் பேசுதேன். முதல் வார்த்தை என்னன்னுதான் தெரியல, வார வழியில ரயில்ல யோசிச்சுக்கிடலாம்.

ஆபீசை விட்டு வெளிய வந்ததும் சந்தோஷம் வரும்னு நினைச்சேன். வரல. ஒரு பெட்ரோல் டின் மேல உக்காந்தேன். எனக்கும் ரொம்ப நாளா அலுப்பாத்தான் இருக்கு சங்கரி. இதை இதுவரைக்கும் நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. வந்த அன்னைக்கு எதுவும் கேக்காம என்னைக் கொஞ்சம் தூங்க விடு. எந்திரிச்சு வந்து என்ன செய்யணும்னு கேக்கேன்.

மணிமுத்து